ஊர்ப்பேச்சுக்கு இலக்கணம் கண்ட ஆசிரியர்

1878-ஆம் ஆண்டு நார்வே நாடாளுமன்றம் பள்ளிக் கல்வி குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தொடக்கப் பள்ளிகளில் இயன்ற அளவுக்குக் குழந்தைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே பாடம் நடத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு வரியில் அடங்கிவிடும் தீர்மானம்தான். ஆனால், பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சைத் திருத்தப்பட வேண்டிய பிழையாகவே ஐரோப்பியப் பள்ளிகள் பெரிதும் கருதிவந்த காலம் அது. அந்தப் பேச்சிலேயே கற்பியுங்கள் என்று ஒரு நாட்டின் மக்களவை சொன்னது சிறிய செய்தியன்று.

அத்தீர்மானம் திடீரென்று பிறந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஈவார் ஓசென் என்ற தனிமனிதரின் நாற்பதாண்டு உழைப்பு இருந்தது. அவர் சிற்றூர் உழவர் ஒருவரின் மகன், பல்கலைக்கழகத்தில் பயிலாதவர், ஊர் ஊராக நடந்து, மக்கள் பேசுவதைக் கேட்டுக் குறித்துவைத்தவர். நார்வேயில் அவர் பெயரை அறியாத மாணவர் இருக்க முடியாது. நம்மிடையே அவர் அதிகம் பேசப்படுவதில்லை. பல ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில், வட்டார வழக்கும் குழந்தைக் கல்வியும் சந்திக்கும் இடத்தைப் புரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கையைவிடச் சிறந்த பாடம் வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

வீட்டில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி

ஓசெனின் பணியை விளங்கிக்கொள்ள, அவர் பிறந்த நாட்டின் நிலையை முதலில் அறிய வேண்டும். நார்வே நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க்குடன் பிணைக்கப்பட்டிருந்தது. ஆட்சி கோபன்ஹேகனிலிருந்து நடந்தது. அரசாணை, சட்டம், வேதநூல், பள்ளிப்பாடம் யாவும் டேனிஷ் மொழியில் அமைந்தன. இடைக்காலத்தில் செழித்திருந்த பழைய நார்வே எழுத்துமொழி வழக்கொழிந்தது. 1814-இல் அந்தப் பிணைப்பு அறுந்து, நார்வே தனக்கென ஓர் அரசமைப்புச் சட்டத்தை வகுத்துக்கொண்டு, ஸ்வீடன் மன்னரின் கீழ் தனி நாடாளுமன்றத்துடன் இயங்கத் தொடங்கியது. ஆயினும், எழுதும் மொழி டேனிஷாகவே நீடித்தது.

ஏடுகளில் மறைந்த மொழி மக்கள் நாவில் மறையவில்லை. மலைகளாலும் கடற்கழிகளாலும் பிரிக்கப்பட்ட பள்ளத்தாக்குகள்தோறும் அது வெவ்வேறு வட்டார வழக்குகளாக உயிரோடு இருந்தது. நகரத்து அதிகாரிகளும் வணிகர்களும் டேனிஷ் சாயல் படிந்த பேச்சைப் பேசினர். உழவர்களும் மீனவர்களும் பேசியது வேறு. முன்னது நாகரிகம் என்றும் பின்னது கொச்சை என்றும் எல்லோரும் நம்பினர். அப்படிப் பேசியவர்களே அதை நம்பியதுதான் வேதனை.

இந்த நிலை குழந்தைகளுக்கு வெறும் மனக்குறையாக நின்றுவிடவில்லை. 1736 முதல், லுத்தரன் திருச்சபையின் திடப்படுத்தல் சடங்கு சட்டப்படி எல்லோருக்கும் கட்டாயம் ஆனது. அச்சடங்கில் தேறாதவர் திருமணம் செய்துகொள்ளவும் முடியாது. தேற வேண்டுமானால் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் அதற்குப் பேராயர் பொந்தோபிதான் எழுதிய விரிவுரையையும் படித்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். இரண்டும் டேனிஷில் இருந்தன. ஆக, ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை வாழ்வில் அடுத்த படி ஏறுவதற்கு, தன் தாய் பேசாத மொழியில் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். பொருள் விளங்கியதா என்பதைவிட, வரி பிசகாமல் ஒப்பிக்க முடிகிறதா என்பதே பெரிதாயிற்று.

நடமாடும் பள்ளியின் ஆசிரியர்

1813 ஆகஸ்ட் 5 அன்று மேற்கு நார்வேயின் சுன்மேரே வட்டாரத்தில், எர்ஸ்தா என்னும் ஊரையடுத்த ஒரு சிறு பண்ணையில் ஓசென் பிறந்தார். அந்தப் பண்ணையின் பெயரே அவருடைய குடும்பப் பெயரானது. தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். 1826-இல் தந்தையும் இறந்தார். வயல் வேலைதான் வாழ்க்கை என்றிருந்த வீட்டில், கிடைத்த நேரமெல்லாம் கைக்கு அகப்பட்ட நூல்களைப் படித்து வளர்ந்தார்.

18 வயதில் சொந்த ஊரிலேயே ஆசிரியரானார். அக்காலத்து நார்வேச் சிற்றூர்களில் பள்ளிக்கென்று கட்டடம் கிடையாது. ஆசிரியரே பண்ணை பண்ணையாகச் செல்வார்; ஒரு வீட்டில் சில நாள் தங்குவார்; அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கே கூடுவர்; பிறகு அடுத்த பண்ணைக்குப் புறப்படுவார். அடுப்படியில் வீட்டார் பேசும் பேச்சும், மேசைமேல் விரிந்திருக்கும் டேனிஷ் நூலும் ஒரே அறைக்குள் எதிரெதிரே நின்றன. வீட்டுப் பேச்சில் சரளமாகக் கதைசொல்லும் பிள்ளை, நூலைத் திறந்ததும் திக்கித் தடுமாறுவதை அந்த இளம் ஆசிரியர் அன்றாடம் பார்த்திருக்க வேண்டும்.

1833-இல் ஹேரோய் என்னும் ஊரின் மறைத்தலைவர் தோரசெனின் இல்லத்தில் தங்கி இலத்தீனும் இலக்கணமும் கற்றார். 1835 முதல் சூல்நெர் பண்ணையில் ஒரு படைத்தலைவர் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வீட்டாசிரியராக ஏழாண்டுகள் இருந்தார். அந்த ஓய்வில் இரண்டு துறைகள் அவரை ஈர்த்தன. ஒன்று தாவரவியல்; சுற்றுவட்டாரச் செடிகளைத் திரட்டி, உலர்த்தி, வகைப்படுத்திவைத்தார். மற்றொன்று தம் ஊர்ப்பேச்சு. செடிகளைத் திரட்டிய அதே முறையில் சொற்களையும் திரட்டினார். எந்தச் செடியும் இழிந்த செடியன்று என்பது தாவரவியலாருக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் உறுப்பும் ஒழுங்கும் இனமும் உண்டு. தம் ஊர் மக்களின் பேச்சையும் அவர் அந்தக் கண்ணோடுதான் நோக்கினார்.

1836-இல், 22 வயதில், நம் எழுத்துமொழி பற்றி என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். நார்வேக்குத் தனி எழுத்துமொழி வேண்டும். அதை ஒரு குறிப்பிட்ட வட்டார வழக்கின்மீது கட்டாமல், எல்லா வட்டார வழக்குகளையும் ஒப்பிட்டு அவற்றின் பொதுவான அடித்தளத்தின்மீது கட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம். அக்கட்டுரை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. ஆனால், அதில் வகுத்த பாதையில்தான் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவர் நடந்தார்.

நான்காண்டு நடைப்பயணம்

1841-இல் தாம் எழுதிய சுன்மேரே வட்டார வழக்கின் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு பேர்கன் நகரத்துப் பேராயர் நோய்மனிடம் சென்றார். பேராயர் அதன் அருமையை உணர்ந்தார். அதைப் பற்றிய செய்தி நாளிதழில் வெளிவந்தது. த்ரோந்தைம் நகரிலிருந்த அரச அறிவியல் கழகம் நார்வேயின் வட்டார வழக்குகளை ஆராய அவருக்கு நிதி வழங்க முன்வந்தது. எந்தப் பட்டமும் பெறாத ஒரு வீட்டாசிரியரை நம்பி ஓர் அறிவியல் கழகம் இவ்வளவு பெரிய பணியை ஒப்படைத்தது என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது.

1842 முதல் 1846 வரை தென்மேற்குக் கடற்கரையிலிருந்து வடபகுதி வரை அவர் பயணம் செய்தார். பெரும்பாலும் நடை; நீர் குறுக்கிட்ட இடங்களில் படகு. ஓரூரில் சில வாரங்கள் தங்குவார். வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து பேசுவார். சொற்களையும் அவற்றின் திரிபுகளையும் பழமொழிகளையும் குறித்துக்கொள்வார். 1847-இல் இன்று ஓஸ்லோ என்று வழங்கும் தலைநகர் கிறிஸ்தியானியாவில் குடியேறினார். அடுத்த ஆண்டு நார்வே மக்கள்மொழியின் இலக்கணம் வெளிவந்தது. 1850-இல் ஏறத்தாழ 25,000 சொற்களைக் கொண்ட அகராதி வந்தது. அகராதியின் சிறப்பை உணர்ந்த நாடாளுமன்றம், அவர் ஆய்வைத் தொடர ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கியது.

அந்த இலக்கணம் எதைக் காட்டியது என்பதுதான் முக்கியம். டேனிஷ் எழுத்துமொழியில் பெயர்ச்சொற்களுக்கு இரண்டு பால்களே எஞ்சியிருந்தன. பழைய ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றாகிவிட்டன. நார்வேயின் உழவர் பேச்சோ ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் என்ற பழைய மூன்றையும் பிசகாமல் காத்துவந்தது. கல் என்பதற்கு டேனிஷில் 'ஸ்டேன்' என்பர். உழவர்கள் 'ஸ்டைன்' என்றனர். வீடு என்பதற்கு எழுத்தில் 'யெம்', பேச்சில் 'ஹைம்'. இந்த 'ஐ' ஒலி கொச்சை என்று பள்ளியில் திருத்தப்பட்டது. ஆனால், அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பழைய நார்ஸ் ஏடுகளில் இருந்தது அதே ஒலிதான். ஆசிரியர் பிழையென்று அடித்த சொல், ஆசிரியரின் நூலில் இருந்த சொல்லைவிட மூத்தது.

இதைப் படித்தபோது யாழ்ப்பாணத்துப் பேச்சு என் நினைவுக்கு வந்தது. தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகளைச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சிலும் இன்றைய பொது எழுத்துவழக்கிலும் 'அது', 'இது' மட்டுமே நிலைத்தன. 'உது', 'உவன்' என்பவை இலக்கிய வகுப்பில் விளக்கப்படும் சொற்களாகிவிட்டன. யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ உரை எதையும் படிக்காமலேயே 'உது' என்று சொல்லிவிடுகிறது. ஊர்ப்பேச்சு எழுத்துமொழியின் சிதைவு என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை.

யாருடைய பேச்சு பொதுமொழி?

இலக்கணம் எழுதியதோடு ஓசென் நின்றிருந்தால் நல்ல ஆய்வாளர் என்ற பெயரோடு முடிந்திருப்பார். வட்டார வழக்குகளைப் போற்றுவதால் மட்டும் அவற்றைப் பேசும் பிள்ளைகளின் நிலை மாறிவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். தேர்வும் வேலையும் அதிகாரமும் எழுத்துமொழியின் பக்கம் இருக்கும்வரை, பேச்சுமொழி பாராட்டப்படும், மதிக்கப்படாது. எனவே, மக்கள் பேச்சுக்கு அருகில் உள்ள ஒரு பொது எழுத்துமொழியை அமைக்கத் துணிந்தார். 1853-இல் அதன் மாதிரிகளை வெளியிட்டார். நாட்டுமொழி என்ற பொருள்பட 'லான்ஸ்மோல்' என அதை அழைத்தார். 1864-இல் திருந்திய இலக்கணமும் 1873-இல் விரிந்த அகராதியும் வந்தன. அம்மொழியில் நாடகமும் கவிதையும் தாமே எழுதி, அது இலக்கியத்துக்கும் ஏற்றது என்று காட்டினார்.

ஓசென் தம் சொந்த ஊரின் பேச்சைப் பொதுமொழியாக முன்வைக்கவில்லை. ஒரு வழக்கை மட்டும் உயர்த்தினால், பழைய ஏற்றத்தாழ்வு புதிய இடத்தில் குடியேறும். ஆகவே, வழக்குகளை ஒப்பிட்டு, பல கிளைகளுக்கும் பொதுவான அடிமரத்தைத் தேடினார். 

அதே காலத்தில் க்னூட் க்னூட்சன் என்ற மற்றோர் ஆசிரியர் வேறு வழியை முன்வைத்தார். எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையிலுள்ள பிளவு பிள்ளைகளை வாட்டுவதை அவரும் கண்டார். ஆனால், டேனிஷ் எழுத்தை அடியோடு மாற்றாமல், கற்ற நகரத்தாரின் நார்வேப் பேச்சுக்கு ஏற்பப் படிப்படியாகத் திருத்தலாம் என்றார். இன்று நார்வேயில் பெரும்பான்மையோர் எழுதும் 'புக்மோல்' அந்த வழியில் வளர்ந்தது. ஓசெனின் மொழி 'நீநோர்ஸ்க்' என்ற பெயரில் வாழ்கிறது. இரண்டு எழுத்துமொழிகளுக்கும் தொடக்கம் வகுப்பறையின் அதே சிக்கல்தான். எந்தப் பிள்ளையின் பேச்சை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்விக்கு இருவரும் வெவ்வேறு விடை கூறினர்.

ஓசெனின் தீர்வில் குறை இல்லாமலில்லை. பழைமையை நன்கு காத்த மேற்குப் பகுதி வழக்குகளுக்கும் மலைப்பகுதி வழக்குகளுக்கும் அவர் அதிக இடம் தந்தார். கிழக்குப் பகுதியிலும் நகரங்களிலும் வளர்ந்த பிள்ளைக்கு அவருடைய பொதுமொழியும் சற்றே அந்நியமாகத் தோன்றியது. எந்தப் பொதுமொழியும் எல்லோரிடமிருந்தும் ஒரே தொலைவில் இருந்துவிட முடியாது என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

சட்டமும் வகுப்பறையும்

1878 தீர்மானத்தைத் தொடர்ந்து, 1885 மே 12 அன்று நாடாளுமன்றம் லான்ஸ்மோலுக்கும் வழக்கமான நூல்மொழிக்கும் பள்ளியிலும் ஆட்சியிலும் சம உரிமை வழங்கியது. 1892-இல் எந்த மொழியில் பாடம் என்பதை அந்தந்த ஊர்ப் பள்ளிக் குழுக்களே முடிவு செய்யலாம் என்றானது. இவற்றையெல்லாம் ஓசென் உயிரோடு இருந்து பார்த்தார். மணம் செய்துகொள்ளாமல், தலைநகரில் எளிய அறைகளில் நூல்களோடு தனித்து வாழ்ந்த அவர் 1896 செப்டம்பர் 23 அன்று மறைந்தார்.

எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் அவர் முழு வெற்றி பெறவில்லை. 1944 வாக்கில் நார்வேப் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் அவருடைய மொழியை முதன்மை எழுத்துமொழியாகக் கொண்டிருந்தனர். நகரங்கள் வளர வளர அந்தப் பங்கு சுருங்கி, இன்று ஏறத்தாழ 12 விழுக்காடாக நிற்கிறது.

ஆனால், இன்னோர் அளவுகோல் உண்டு. நார்வேயில் இன்று நாடாளுமன்ற உறுப்பினர் தம் ஊர்ப்பேச்சிலேயே அவையில் பேசுகிறார். பேராசிரியர் அதே பேச்சில் விரிவுரை ஆற்றுகிறார். வகுப்பில் எந்தப் பேச்சுவழக்கில் பேசுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யலாம் என்று அந்நாட்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. நீநோர்ஸ்க் எழுதுவோருக்கு மட்டுமன்றி, புக்மோல் எழுதும் பெரும்பான்மையோருக்கும் இந்த உரிமை உண்டு. ஓசெனின் எழுத்துமொழியை ஏற்காதவர்களும் அவருடைய அடிப்படைக் கொள்கையை ஏற்றுக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள்.

வட்டாரப் பேச்சுக்கு இடமளித்தால் பிள்ளைகள் பொதுமொழியைக் கற்கமாட்டார்கள் என்ற அச்சம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த அச்சத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. வட ஸ்வீடனின் பீத்தியோ வட்டாரத்தில் தூரே ஓஸ்தர்பேரி நடத்திய ஆய்வு 1961-இல் வெளிவந்தது. பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு முதலில் சில வாரங்கள் வட்டார வழக்கிலேயே வாசிக்கக் கற்பித்து, பின்னர் பொதுமொழிக்கு அழைத்துச் சென்றனர். மற்றொரு பிரிவினருக்குத் தொடக்கம் முதலே பொதுமொழி. ஆண்டின் இறுதியில், பொதுமொழியை வாசித்துப் புரிந்துகொள்வதில் முன்னேறியிருந்தது வட்டார வழக்கில் தொடங்கிய பிரிவுதான். 1980-களில் வட நார்வேயில் துவே புல் என்ற மொழியியலர் நடத்திய ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே கற்றல் என்னும் பழைய உண்மை மொழிக்கும் பொருந்துகிறது.

ஓசெனே இதற்கு வாழும் சான்றாக இருந்தார். ஊர்ப்பேச்சின் உரிமைக்காக வாழ்ந்த அவர், தம் ஆய்வுநூல்களை டேனிஷ் எழுத்துமொழியில்தான் எழுதினார். பொதுமொழியைக் கற்காதீர்கள் என்று அவர் எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. கற்பதற்காகத் தாய்ப்பேச்சை வெறுக்க வேண்டியதில்லை என்பதே அவர் வாழ்ந்து காட்டியது.

நமக்கு ஆகும் பாடம்

நார்வேயின் வரலாறு வேறு. நம் வரலாறு வேறு. நம் எழுத்துத் தமிழ் அயலார் சுமத்தியதன்று. நாமே போற்றி வளர்த்தது. ஆயினும், அது எந்த வீட்டிலும் பேசப்படும் மொழியன்று. நெல்லையிலிருந்தோ, கொங்கு நாட்டிலிருந்தோ, சென்னையின் வடபகுதியிலிருந்தோ வரும் ஐந்து வயதுப் பிள்ளை, பள்ளியில் நுழையும்போதே வேற்றுமையும் காலமும் எதிர்மறையும் பிசகாத ஓர் இலக்கணத்தைத் தன்னுள் கொண்டுவருகிறது. அதை இலக்கணமாகக் கண்டால், அதன்மேல் எழுத்துத் தமிழைக் கட்டலாம். 'ஒண்ணு' என்பது 'ஒன்று' ஆகிறது. 'மூணு' என்பது 'மூன்று' ஆகிறது. 'கண்ணுக்குட்டி' என்பது 'கன்றுக்குட்டி' ஆகிறது. இவற்றை அருகருகே கரும்பலகையில் எழுதினால், மாற்றத்தின் ஒழுங்கைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். என் வகுப்புகளில் அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதே சொற்களைச் சிவப்பு மையால் அடித்து, ஒழுங்காகப் பேசு என்று அதட்டினால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது 'ஒன்று' என்ற சொல்லையன்று; தன் வீட்டில் எல்லோரும் தவறாகப் பேசுகிறார்கள் என்பதை.

கேள்வி கேட்கத் துடிக்கும் பிள்ளை, சொல்லை எப்படிச் சொல்வது என்ற தயக்கத்திலேயே வாய்மூடிக்கொள்ளும் வகுப்பறையில் எந்தப் பாடமும் முழுமையாக நடப்பதில்லை. அறிவியலும் கணக்கும் கூட அங்கே மனப்பாடமாகத்தான் முடியும். தொடக்க வகுப்புகளில் பிள்ளை தன் பேச்சில் விடை சொல்லட்டும். ஆசிரியர் அதைப் பெற்றுக்கொண்டு எழுத்துத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும். இதற்குப் புதிய பாடநூலோ பெரும் பொருட்செலவோ தேவையில்லை. தாம் பணியாற்றும் வட்டாரத்தின் பேச்சை மதித்து அறிந்துகொள்ளும் பயிற்சி, ஆசிரியர் கல்வியில் ஒரு பாடமாக இடம்பெற்றால் போதும்.

ஓசென் பிறந்த பண்ணையில் 2000-ஆம் ஆண்டில் மொழிக்கும் இலக்கியத்துக்குமான ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. 1878 தீர்மானத்தில் இருந்த இயன்ற அளவுக்கு என்ற சொற்றொடர், அதை நிறைவேற்றும் பொறுப்பைக் கடைசியில் ஒவ்வோர் ஆசிரியரிடமும் விட்டிருந்தது. எவ்வளவு இயலும் என்பதை இன்றும் முடிவு செய்பவர்கள், நடமாடும் பள்ளியில் ஓசென் நின்ற அதே இடத்தில் பிள்ளைகளின் முன் நிற்கும் நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்தாம்.